நர்சிங் படிப்பும் "ஒரு வருஷம் வீண்" என்னும் பூச்சாண்டியும்

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் மே மாதத்தில் நமது நாட்டில் ஒரு புதுவிதமான தரகு வியாபாரம் தலையெடுத்து விடுகின்றது. முன்னெல்லாம் கலியாணத் தரகர்களும் மாட்டுத் தரகர்களுமே ஊர் ஊராய்த் திரிவார்கள். இப்பொழுது காலேஜுத் தரகர்கள் திரிகிறார்கள். "உங்கள் பெண்ணுக்கு நர்சிங்கில் சர்க்கார் இடம் கிடைக்காது, கிடைக்கும் என்று காத்திருந்தால் ஒரு வருஷம் வீணாய்ப் போய்விடும், இன்றைக்கே அட்வான்சு கட்டினால் இடம் நிச்சயம்" என்பதுதான் இவர்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து ஓதும் மந்திரம். இந்த மந்திரத்திற்குப் பயந்து, கூலி வேலை செய்கிறவர்களும், அரை ஏக்கர் கால் ஏக்கர் வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறவர்களும், நகையை விற்றும் நிலத்தை ஒத்திக்கு வைத்தும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். இதைப்பற்றி நமது தோழர்கள் பலர் கூட்டங்களில் கேட்டு வருவதால் நமது அபிப்பிராயத்தை விளக்கமாய் எழுதுகின்றோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். பெண்கள் நர்சிங் படிக்கக் கூடாது என்றோ, தனியார் காலேஜு என்றாலே திருட்டு என்றோ நாம் சொல்ல வரவில்லை. ஒரு பெண் தன் காலில் தான் நிற்பதற்கு இதைவிட நல்ல தொழில் ஒன்றிரண்டுதான் இருக்கக்கூடும். 1929-ஆம் வருஷம் பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டிலேயே, பெண்களுக்கு ஆண்களைப் போல் சொத்துரிமையும் தொழில் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் செய்த இயக்கம் நம்முடையது. ஆகவே நமது சண்டை படிப்போடு அல்ல. பயத்தோடும், அந்தப் பயத்தை விற்றுப் பிழைக்கிறவர்களோடுமே யாகும்.

"ஒரு வருஷம் வீண்" என்கிறார்களே, அதன் பொருள்தான் என்ன? பையனாயிருந்தால், இஞ்சினீயர் படித்துவிட்டு மூன்று வருஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அதை ஒருவரும் வீண் என்று சொல்லுவதில்லை. "இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லி ஜோசியன் வீட்டுக்கு நடக்கிறார்கள். பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறதென்று நாலு வருஷம் மாப்பிள்ளைக்குக் காத்திருக்கிறார்கள். அதுவும் வீண் அல்லவாம். ஆனால் அதே பெண் ஒரு நல்ல படிப்புக்காகப் பத்து மாதம் காத்திருந்தால் மாத்திரம் குடி முழுகிப் போகுமாம்! இதிலுள்ள இரகசியம் என்னவெனில், இங்கு எண்ணப்படுவது அவளுடைய படிப்பின் வருஷமல்ல. அவளுடைய கலியாணத்தின் வருஷமேயாகும். எத்தனை வயதில் படிப்பு முடிந்தால் எத்தனை வயதில் "தள்ளிவிடலாம்" என்கின்ற கணக்குத்தான் பெற்றோர் மனதில் ஓடுகின்றது. தரகர் இதை நன்றாய் அறிவார். அதனால்தான் அவர் காலேஜுக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா, அதில் நோயாளிகள் உண்டா என்பதையெல்லாம் பேசாமல், தாயாரைப் பார்த்து, "பெண்ணுக்கு வயது ஏறுகிறதே அம்மா" என்கிறார். குருபலம் இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லுகிற தரகர்களும் இருக்கிறார்கள். குரு பகவானுக்கும் காலேஜுக்கும் கமிஷன் ஏற்பாடு எப்பொழுது உண்டாயிற்றோ நாம் அறியோம்.

நிற்க, கணக்கைப் பார்ப்போம். சாப்பாட்டுச் செலவு எங்கிருந்தாலும் உண்டாகையால் அதை விட்டுவிடலாம். மானேஜ்மெண்டு இடத்திற்குக் கட்டணம், உடுப்பு, பஸ், அந்தப் பீசு, இந்தப் பீசு எல்லாம் சேர்ந்து வருஷத்திற்கு 1½ லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு மேல் வாங்குகிற இடமும் உண்டு, குறைந்து வாங்குகிற இடமும் உண்டு. கணக்குக்கு ஒரு தொகை வேண்டுமே என்பதற்காக இதைச் சொல்லுகிறோம். நாலு வருஷத்திற்கு 6 லட்சம் ஆகிறது. கிராமத்தில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் குறைந்து எவன் கொடுக்கிறான்? வருஷ ஆரம்பத்தில் 1½ லட்சம், 1½ லட்சமாய் வாங்கிக் கட்டினால், படிப்பு முடிகிற அன்றைக்கு முதல் வருஷக் கடனுக்கு 1,44,000 ரூபாயும், இரண்டாவதுக்கு 1,08,000 ரூபாயும், மூன்றாவதுக்கு 72,000 ரூபாயும், நாலாவதுக்கு 36,000 ரூபாயும், ஆக 3,60,000 ரூபாய் வட்டி மாத்திரம் ஏறியிருக்கும். நாம் வட்டிக்கு வட்டி போடவில்லை, கடன்காரன் போடுவான். அசலும் வட்டியும் 9,60,000 ரூபாய். பெண் பட்டம் வாங்கிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாதம் 15,000 ரூபாய்க்கு அமர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்திற்கு மாத வட்டி 12,000 ரூபாய். மீதி 3,000 ரூபாயில் அவள் வாடகை கொடுத்து, வயிற்றைக் கழுவி, பழைய வட்டியையும் அசலையும் அடைக்க வேண்டும்!

எதிர்க் கணக்கையும் போட்டுவிடுவோம். சர்க்கார் காலேஜில் கட்டணம் வருஷத்திற்குச் சில ஆயிரத்தோடு போயிற்று. ஒரு வருஷம் காத்திருந்து அங்கே சேர்ந்தால் வரும் நஷ்டம், சம்பாத்தியம் ஒரு வருஷம் பிந்துவதுதான். மாதம் 15,000 வீதம் அது 1,80,000 ரூபாய். மேலே கண்ட வட்டியில் இது சரி பாதி. அசலாகிய 6 லட்சத்தை நாம் இன்னும் தொடவேயில்லை. இதில் எந்தப் பக்கம் வீண் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும்.

பாங்கியில் கல்விக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், கந்துவட்டிக்கு அது எவ்வளவோ மேல். 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. விதியும் இருக்கிறது, பாங்கி மானேஜரும் இருக்கிறார். இரண்டு பேரும் சந்தித்துக் கொள்ளுவதுதான் அபூர்வமாய் இருக்கிறது.

15,000 என்று நாம் போட்டது ரொம்பக் குறைவு என்று தரகர் சொல்லக்கூடும். அப்படியானால் உங்கள் டவுனிலிருக்கும் நர்சிங் ஹோமில் இராத்திரி முழுவதும் நின்றுகொண்டு ஊசி போடுகிற பெண்ணையே கேட்டுப் பாருங்கள், கையில் என்ன வாங்குகிறாய் என்று. 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் சம்பளத்தைப்பற்றி ஆராய ஒரு கமிட்டி போடும்படி மத்திய சர்க்காருக்குச் சொல்லிற்று. கமிட்டியும் கூடிற்று. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம் கொடுக்க வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த சிறு ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று எழுதிற்று. கேரளத்து நர்சுகள் வீதியில் இறங்கி, 2018-இல் 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தைச் சர்க்கார் உத்தரவாகவே வாங்கினார்கள். வீதியில் இறங்காத இடங்களில் கமிட்டி எழுதியது கமிட்டியின் கடுதாசியிலேயே இருக்கிறது.

சர்க்கார் மாத்திரம் யோக்கியம் என்றும் நாம் சொல்லுவதற்கில்லை. 2015-இல் நமது மாகாண சர்க்கார் பரீட்சை வைத்துப் பொறுக்கியெடுத்த நர்சுகளுக்கே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் என்று போட்டார்கள். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று சொன்னது நடவாமல், 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான நர்சுகள் சென்னையில் வந்து உட்கார்ந்தார்கள். 2020 மார்ச் 22-ந் தேதி தேசமெங்கும் தட்டையும் மணியையும் அடித்து நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் மரியாதை செய்தார்கள். ஆனால் அந்தக் கொரோனா காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்த ஒப்பந்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை இல்லையென்று தமிழ்நாட்டில் சொல்லிவிட்டார்கள். மணியடித்ததற்குப் பிராவிடண்டு பண்டு உண்டா? சாமிக்குத்தான் மணியடித்தால் போதும். மனுஷிக்குச் சோறு வேண்டும். இதையெல்லாம் ஏன் சொல்லுகிறோம் என்றால், படிப்பு முடிந்த பிறகு போய்ச் சேரும் சந்தை எல்லாருக்கும் ஒரே சந்தைதான். 6 லட்சம் கொட்டிப் படித்தவளுக்கென்று தனிச் சம்பளம் ஒன்று இல்லை. நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்தரில் பெயர் ஏறிவிட்டால் அவளும் ஒரு நர்சு, சில ஆயிரத்தில் படித்தவளும் ஒரு நர்சு.

இந்த வேலைக்கு இன்று விலை போட்டு விற்கிறவர்களின் பாட்டன் பூட்டன்மார் இதே வேலையை எப்படி நடத்தினார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரசவம் பார்க்க நாவிதர் வீட்டு மருத்துவச்சியைக் கூப்பிடுவார்கள். அவள் இரத்தத்திலும் மலத்திலும் கைவைத்துத் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைப்பாள். பிழைத்தது "சுவாமி கிருபை"யாகவும், கைவைத்தது "தீட்டு"வாகவும் ஆகிவிடும். அவளுக்குக் கொஞ்சம் நெல்லையும் பழம் புடவையையும் கொல்லைப்புறத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டைக் கழுவி விடுவார்கள். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இலேயே நர்சுப் பயிற்சி துவங்கியும், வேலூரில் மிஷன்காரர்கள் 1909-இல் நர்சுப் பள்ளிக்கூடம் வைத்தும், "அன்னிய ஆணின் உடம்பைத் தொடுகிற வேலை", "ஜாதி கெட்ட வேலை" என்று ஊரார் ஏசிக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பலன் என்னாயிற்று? 1946-இல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது, முப்பது கோடி ஜனங்களுக்குச் சுமார் 7,000 நர்சுகளே இருந்தார்கள். 43,000 பேருக்கு ஒருத்தி! தீட்டுக் கொள்கை எத்தனை தாய்மார்களைத் தின்றிருக்கும் என்பதற்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? இப்பொழுது கப்பல் ஏறிப்போனால் பவுனாயும் டாலராயும் வருகிறது என்று தெரிந்தவுடன் தீட்டெல்லாம் பறந்துவிட்டது. நர்சு மாப்பிள்ளைக்குத் தகாதவள் என்றவர்கள், நர்சுப் பெண்தான் வேண்டும் என்று தேடுகிறார்கள். அவள் விசாவில் மாப்பிள்ளையும் போகலாமல்லவா! சாஸ்திரம் எப்பொழுதும் ரூபாயைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல.

(பெரியார் அவர்கள் 1973 டிசம்பர் 24-ந் தேதி கண்ணை மூடியதும் மேலே சொன்ன வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியிலேதான். கடவுளை மறுத்தவருக்குக் கடவுளை நம்பும் ஆஸ்பத்திரி பணிவிடை செய்தது. டெம்பரேச்சர் சீட்டில் நாஸ்திகன், ஆஸ்திகன் என்று கலம் கிடையாது.)

இனி, காத்திருப்பதே நல்லது என்று சொல்லிவிட்டோமென்று நினைத்து ஒருவரும் சும்மா உட்கார்ந்துவிட வேண்டாம். காத்திருப்பது வேறு, வேண்டிக்கொள்வது வேறு. தமிழ்நாட்டில் நர்சிங் பட்டப் படிப்புக்குப் பிளஸ் டூ மார்க்கைக் கொண்டுதான் இடம் கொடுத்து வருகிறார்கள். அந்த மார்க்கு ஒரு வருஷம் பரணில் கிடந்தால் குட்டி போடாது. ஆகையால், போன வருஷம் சர்க்கார் காலேஜில் உங்கள் வகுப்புக்கு எந்த மார்க்கில் இடம் நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். நாலைந்து மார்க்கில் தப்பியிருந்தால் காத்திருப்பதற்கு அர்த்தமுண்டு. நாற்பது ஐம்பது மார்க்கில் தப்பியிருந்தால், காத்திருப்பதும் திருப்பதிக்கு முடி வளர்ப்பதும் ஒன்றுதான். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 20, ஆதிதிராவிடர்களுக்கு 18, பழங்குடியினருக்கு 1 ஆக நூற்றுக்கு 69 இடம் என்கிற ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1928-இல் முத்தையா முதலியார் காலத்தில் அமலுக்கு வந்த வகுப்புவாரி உத்தரவைக் கோர்ட்டு செல்லாதென்றது. கிளர்ச்சி செய்து 1951-இல் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தோம். இப்படியெல்லாம் வந்த உரிமையை, பட்டியலைப் புரட்டிப் பார்க்கச் சோம்பிக்கொண்டு தரகர் வாயால் தெரிந்துகொள்ளுவது எவ்வளவு கேவலம்! பிள்ளையாருக்கு 101 தேங்காய் உடைக்க இருக்கும் சுறுசுறுப்பு இந்தப் பட்டியலைப் பார்க்க ஏன் இல்லை?

தரகர் மறைக்கிற சங்கதிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. தனியார் காலேஜுகளிலுங்கூட ஒரு பெரும் பங்கு இடங்களைச் சர்க்கார் கலந்தாய்வு மூலமாகவே நிரப்புகிறார்கள். அந்த இடங்களுக்குக் கட்டணம் குழு நிர்ணயித்த கட்டணந்தான். ஆனால் கலந்தாய்வு மே மாதத்தில் நடப்பதில்லை. முடிவு வந்து மாதக்கணக்கான பிறகே நடக்கும். இந்த இடைவெளிதான் தரகருக்கு அறுவடைக் காலம். "இன்றே கட்டு" என்று அவர் அவசரப்படுத்துவதெல்லாம், கலந்தாய்வு வந்தால் உங்களுக்கு வழி தெரிந்துவிடுமே என்கிற பயத்தினால்தான். இரண்டாவது, பட்டம் கிடைக்காவிட்டாலும் சர்க்கார் நர்சிங் பள்ளிகளில் மூன்று வருஷ டிப்ளமா இருக்கிறது. அதை முடித்து வேலை பார்த்துக்கொண்டே, பிறகு இரண்டு வருஷம் படித்து பி.எஸ்ஸி. பட்டமும் வாங்கிவிடலாம். "டிப்ளமாவா?" என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்களாம். சுளித்த முகத்தில் எவனாவது வட்டி கட்டுவானா?

ஆனால் நாம் சொல்லுவதை எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல் பிரயோகிப்பதற்கில்லை. நமது தோழர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களிலேயே சிலர், மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டில் "ஒரு வருஷம் பொறு அம்மா" என்று பெண்ணிடம் சொல்லுவார்கள். ஆறாவது மாதம் ஒரு அத்தை மகனோ மாமன் மகனோ வந்து உட்கார்ந்திருப்பான். ஒரு வருஷம் என்றது படிப்புக்கல்ல, பந்தலுக்கு என்று அப்பொழுதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருக்கும் பெண் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதென்றே சொல்லுவோம். கலந்தாய்வில் தனியார் காலேஜு கிடைத்தாலும் சரி, டிப்ளமா கிடைத்தாலும் சரி, கடன் பட்டாலும் சரி, போய்ச் சேர்ந்துவிட வேண்டியதுதான். நூற்றுக்கு இரண்டு வட்டியைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். பதினெட்டு வயதில் கட்டிய தாலிக்குக் கட்டுகிற வட்டி எந்தக் காலத்தில் தீரும்? ஆகவே காத்திருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் தகப்பனாரும் அல்ல, தரகரும் அல்ல. அந்தப் பெண்தான். "எங்கள் நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைக்கிறோம், அவளை என்ன கேட்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். அது உங்கள் நிலம் மாத்திரமா? 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும், 2005-இல் மத்திய சட்டமும் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு கொடுத்துவிட்டன. அடகு வைப்பது அவள் பங்கையும் சேர்த்துத்தான்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை நமது பழைய தோழர்கள் அறிவார்கள். பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிப்பதற்காக ஊர் ஊராய் அலைந்த அம்மையார் அவர்கள். அவர்கள் பேரால் 1989 முதல் ஏழைப் பெண்களின் கலியாணத்துக்குச் சர்க்கார் பணம் கொடுத்து வந்தது. 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெண்ணின் விடுதலைக்குப் பாடுபட்டவர் பேரில் தாலித் தங்கம்! 2022-இல்தான் புத்தி வந்து, சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் மேற்கொண்டு படித்தால் மாதம் 1,000 ரூபாய் என்று அதை மாற்றினார்கள். ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு, வருஷ வருமானம் 2½ லட்சத்துக்கு மேற்படாத வீடாயிருந்தால், மேல்படிப்பு உதவித்தொகை தனியாக இருக்கிறது. தங்கம் நின்றுபோயிற்றே என்று அழுதவர்கள் பலர். இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட மறந்துவிட்டோமே என்று அழுதவர்களை நாம் அதிகம் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "ஒரே வருஷத்தில் நர்சு" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோனால் கவுன்சிலில் பெயர் ஏறாது; ஆயுள் முழுவதும் "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்களே தவிர, நர்சு சம்பளம் கொடுக்கமாட்டார்கள். ஆகையால் எந்தத் தரகர் வந்தாலும், பட்டம் கொடுப்பது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமா, கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பத்திரி எத்தனை படுக்கை என்று கேட்டு, போய் நீங்களே எண்ணிப் பாருங்கள். படுக்கையை மாத்திரமல்ல, படுத்திருப்பவர்களையும். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அதை ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் காலேஜுக்கும் உரிமையில்லை என்று சென்னை ஹைகோர்ட்டு ஒரு தடவைக்கு மேல் சொல்லியிருக்கிறது. நன்கொடை என்று கேட்டால், 1992-ஆம் வருஷத்து நன்கொடைத் தடைச் சட்டம் இருக்கிறதே என்று சொல்லி ரசீது கேளுங்கள். ரசீது என்கிற சொல் காதில் விழுந்ததும் அநேகமாய்த் தரகருக்கு வேறு ஊரில் அவசர வேலை வந்துவிடும். அவர் போகட்டும், கலந்தாய்வு விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது என்று பத்திரிகையில் பார்த்து, பெண்ணின் கையாலேயே சுவரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.